பெரிய சாலையை விடுங்கள், தோட்டப் பாதையில் போங்கள்

பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் போன் (Beaune) நகரிலிருந்து சாந்தனே ஊர் வரை சைக்கிளில் போக நெடுஞ்சாலையை உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே சைக்கிள் பாதை இருக்கிறது. பொமார், வோல்னே, மெர்சோ ஆகிய ஊர்கள் வழியாகச் சுமார் 20 கி.மீ. அத்தனை அமைதி! கார் அரிது. கொடி வரிசையைக் கால்களுக்கிடையே விட்டு நடக்கும் உயரமான டிராக்டர்தான் எதிரே வரும், ஒதுங்கி வழிவிட்டால் சரி. வோல்னே ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளுங்கள், சுண்ணாம்புக்கல் மதில்களை நின்று பார்க்கலாம். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலம் இது. அப்புறம், மழை விட்டதும் டிராக்டர் சக்கரம் உதிர்த்த சேறு கான்கிரீட்டில் வழுக்கும்; வளைவில் மெதுவாகப் போங்கள். செப்டம்பர் அறுவடையில் வேன்கள் அதிகம், மே மாதம் நல்லது.