‘லேக்’ என்ற ஒரு சொல்

எங்கள் விடுதியில் ஒரு படத்தின் கதையை முடிக்க ஒரே ஒரு சொல் போதும். யாராவது ஒருவர் “லேக்”, அதாவது படம் இழுக்கிறது, என்று சொல்லிவிட்டால், அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றுவிடும். முதுகலை இரண்டாம் ஆண்டில் இருக்கும் நான் மெஸ் வரிசையிலும், பேருந்திலும், இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவிலும் இந்தச் சொல்லைக் கேட்டுவருகிறேன். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன் என்பதால், இப்பதிவை அடுத்தவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக யாரும் கொள்ள வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தில் எங்கள் நாளின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிகிறது. காலையில் இட்லிக்கு ஒரு வரிசை, குளியலறைக்கு இன்னொரு வரிசை. ஆய்வேட்டின் ஓர் இயலில் நெறியாளரின் கையொப்பம் வாங்குவதற்குத் துறை வாசலில் முழு முற்பகலையும் கழித்துவிட்டு, அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்ற செய்தியுடன் அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. 75 விழுக்காடு வருகைப்பதிவுக்காக, எதுவும் காதில் விழாத கடைசி வரிசையில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கிறோம். இத்தனை பொறுமை உள்ளவர்களால், திரையில் ஒருவர் அரை நிமிடம் மௌனமாக நடந்து போவதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 23 அன்று, ஒரே வெள்ளிக்கிழமையில், மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் வெளியாகின. கையிலிருந்த பணம் ஆளுக்கு ஒரு டிக்கெட்டுக்குத்தான் போதும் என்பதால் ‘வாழை’க்குப் போனோம். தார் சுமக்கும் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் தொழிலாளர்களையும், அந்த ஒரு ரூபாய் கடைசியில் யார் உயிரிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, எங்களில் ஒருவரும் பேசவில்லை. என் அறைத்தோழன் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தைச் சேர்ந்தவன். தாமிரபரணிப் பாசனத்து வாழைத் தோட்டங்களில் விடுமுறை நாட்களில் வேலை செய்தவன். பேருந்தில் ஏறிய பிறகு அவன் சொன்னான்: “தார் சுமந்த மறுநாள் கழுத்தத் திருப்ப முடியாது மக்கா. அந்தப் பய பள்ளிக்கூடத்துக்கு வந்து எப்படிச் சிரிக்கான் பாத்தியா?” எங்கள் கண்ணுக்குக் குறும்பாக மட்டும் தெரிந்த, படத்தில் வரும் சிறுவனின் சிரிப்பு என் அறைத்தோழனுக்கு வேறொன்றாகத் தெரிந்திருக்கிறது. வாழைக்கறை பட்ட சட்டை எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காது என்றும், தோட்டத்துக்கென்றே ஒரு சட்டையைத் தனியாக வைத்திருந்ததாகவும் அவன் அன்றிரவு சொல்லிக்கொண்டிருந்தான். அத்தனை நாள் ஒரே அறையில் இருந்தும் அந்தச் சட்டையைப் பற்றி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

‘கொட்டுக்காளி’க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அடுத்த மாதம் வீட்டிலிருந்து பணம் வருவதற்குள், எங்கள் ஊர்த் திரையரங்கில் அந்தப் படம் எடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் இணையத்தில் வந்தபோது, செல்பேசியில், ஒற்றைக் காதில் இயர்போனுடன், ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். பின்னணி இசையே இல்லாத படம் அது. காதலித்த குற்றத்துக்காகப் பேய் பிடித்தவள் என்று முடிவு கட்டப்பட்ட ஒரு பெண்ணை, குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. அவளோ ஏறத்தாழ படம் முழுவதும் பேசுவதில்லை. வண்டிச் சத்தமும் காற்றும் சேவலின் சலசலப்பும்தான் அங்கே இசை. அதை ஒன்றரை மடங்கில் ஓடவிட்டால் என்ன மிஞ்சும்? நானும் ‘லேக்’ என்று எழுதி விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சில மாதங்கள் கழித்து, ஒரு நண்பனின் மடிக்கணினியில், இயல்பான வேகத்தில் பார்த்தபோதுதான் வழியை மறித்து நிற்கும் மாட்டின் முன் ஆண்களெல்லாம் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகும் காட்சி எனக்கு உண்மையில் கண்ணில் பட்டது. முதல்முறை அது வெறும் நகைச்சுவையாகக் கடந்து போயிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்த ‘மெய்யழகன்’, ஓர் இரவு முழுக்க இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும் படம். நீளம் அதிகம் என்ற குரல் எழுந்ததும், வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். விடுதி மொட்டைமாடியில் விடிய விடியப் பேசுவதையே பல்கலைக்கழக வாழ்வின் பெரும்பேறாக நினைக்கும் நாங்களும் அந்தக் குரலில் சேர்ந்துகொண்டோம் என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எல்லா நீளமும் நியாயமானது என்று நான் வாதாடவில்லை. தேவையில்லாமல் இழுக்கப்பட்ட படங்கள் நிறையவே உண்டு. ஆனால் இழுவைக்கும் நிதானத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர, படத்தை ஒருமுறையாவது இருட்டில், பெரிய திரையில், நல்ல ஒலியுடன் பார்த்திருக்க வேண்டும். மாதக் கணக்குப் போட்டுச் செலவு செய்யும் மாணவருக்கு, முதல் வாரத்திலேயே தூக்கப்படும் படங்கள் அப்படிக் கிடைப்பதில்லை. திருவனந்தபுரத்தில் டிசம்பர்தோறும் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் எங்களுக்கு அது பருவத் தேர்வு வரும் காலம்.

இத்தனைக்கும் எங்கள் துறையில் குளிரூட்டப்பட்ட கருத்தரங்கக் கூடம் ஒன்று இருக்கிறது. புரொஜெக்டரும் நல்ல ஒலிபெருக்கிகளும் உள்ள அந்தக் கூடம் பொன்னாடை போர்த்துவதற்கும் சான்றிதழ் வழங்குவதற்கும் மட்டுமே திறக்கப்படுகிறது. மாதம் ஒரு படம் திரையிட அனுமதி கேட்டுப் போனபோது, முதலில் வந்த பதில் பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்பது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் ஒரு பகுதியாக, அதன் மாணவர்களும் பணியாளர்களும் பெற்றோரும் போன்றோர் மட்டுமே பார்வையாளர்களாக இருக்கும்போது படம் திரையிடுவதற்கு விலக்கு அளிக்கிறது என்பதை நூலகத்தில் தேடி எடுத்து, நகலை இணைத்து மறுபடியும் கொடுத்தோம். அடுத்து வந்த கேள்வி, இதில் கலந்துகொள்பவர்களுக்குச் சான்றிதழ் உண்டா என்பது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் மாணவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒருவழியாக அனுமதி கிடைத்திருக்கிறது. வரும் புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு முதல் படமாகக் ‘கொட்டுக்காளி’யைத் திரையிடுகிறோம். சான்றிதழ் கிடையாது. கூடத்தை ஐந்தரைக்குப் பூட்டிவிட வேண்டும் என்பது விதி. படமோ ஏறத்தாழ 100 நிமிடம் ஓடும். காவலாளி அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. அவரையும் உள்ளே வந்து உட்காரச் சொல்லலாம் என்று என் அறைத்தோழன் சொல்கிறான்.