கரைவலையும் இரும்புக் கம்பியும்

இளம் வயதில் தொடங்கி, அறுபதைக் கடந்த பின்னும் வலுதூக்கும் போட்டிகளில் களமிறங்கும் வீரரைப் பற்றிய உங்கள் கட்டுரையைத் தொண்டியிலிருந்து மிகுந்த நெகிழ்ச்சியோடு படித்தேன். ஓரிடத்தில் இதைப் பளுதூக்குதல் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது ஒலிம்பிக்கில் இடம்பெறும் வேறொரு விளையாட்டு. வலுதூக்குதலில் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பலகையில் படுத்துக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது) ஆகிய மூன்றுக்கும் தலா மூன்று வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் முறையாகத் தூக்கிய அதிகபட்ச எடைகளின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்காவிட்டால், எத்தனை கிலோவைச் சுமந்து எழுந்தாலும் அது செல்லாது. தூக்கியது செல்லும் என்பதற்கு அடையாளமாக மூன்று நடுவர்களில் இருவரேனும் வெள்ளை விளக்கைக் காட்ட வேண்டும்.

என் சித்தப்பாவும் உங்கள் வீரரைப் போன்றவர்தான். விடியலில் கரைவலை இழுத்துவிட்டு, மீனை ஏலத்துக்கு அனுப்பியபின், மாலையில் கம்பியைத் தொடாமல் அவர் வீடு திரும்பியதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல்லை ஒருமுறை தூக்கினாலே ஊர் கொண்டாடும். அவருக்கோ கைதட்ட ஆளில்லாத மாலைகள்தான் ஆண்டு முழுவதும். தோளில் தசைநார் கிழிந்தபோது, ஆறு மாதங்கள் எடைத்தட்டு எதுவும் மாட்டாத 20 கிலோ கம்பியை மட்டும் பொறுமையாகத் தூக்கி இறக்கியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பதக்கங்களைவிட அந்த ஆறு மாதங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வலுதூக்குதலில் நாற்பது வயதிலிருந்து மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் பிரிவுகள் இருப்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. அதைப் பற்றியும், உங்கள் வீரர் காயங்களிலிருந்து மீண்ட விதத்தைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள். சித்தப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.