'துக்ளக்' நாடகம் எமர்ஜென்சியில் எழுதப்பட்டதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: எமர்ஜென்சியில் இந்திரா காந்தியைக் கிண்டலடிக்கவே கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 'துக்ளக்' எழுதினாராம். தவறு. கன்னடத்தில் அது வந்தது 1964-ல். இந்திரா பிரதமரானது 1966-ல், எமர்ஜென்சி 1975-ல். நேரு காலக் கனவுகள் கசந்துபோனதுதான் அதன் பின்னணி. சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தோடும் இதைக் குழப்புகிறார்கள். 1968-ல் மேடையேறிய அது, துக்ளக் என்று சொல்லிக்கொண்டு வருபவன் பிரதமராகும் வேறு கதை.

சரி, பெண்ணும் அதிகாரமும் பற்றிப் பேச வேண்டுமென்றால் கர்னாட்டின் நாடகத்தில் வரும் டெல்லி சுல்தான் துக்ளக்கின் சிற்றன்னையைப் பாருங்கள். மகனைக் காப்பாற்ற நினைத்து அமைச்சர் நஜீபைக் கொல்கிறாள். அப்பனையும் தம்பியையும் கொல்வதைவிட இது எளிதாகத்தான் இருந்தது என்று சுல்தானிடம் நேருக்கு நேர் சொல்கிறாள். அவளைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறான். நம் பிள்ளைகள் மேடையேற்றும்போது தயவுசெய்து அந்தக் காட்சியை வெட்டாதீர்கள்.