சண்டை போட்டுப் பழகட்டும் என்று விடாதீர்கள்

"முதல் நாளே தெருப்பூனையை வீட்டுப் பூனைகளோடு விடுங்கள், இரண்டு நாள் சண்டை போட்டுத் தானாகச் சமாதானமாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சண்டையில் பூனைகள் பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும். முதல் சந்திப்பு கெட்டால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து நோய். எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) முக்கியமாகக் கடியில் பரவும். பூனை லுகேமியா வைரஸ் எச்சிலில், ஒன்றையொன்று நக்குவதிலேயே பரவும். தொற்று புதிதென்றால் முதல் இரத்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். 60 நாள் கழித்து மறுபடி சோதிக்கக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிய பூனைக்குக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தனி மலப்பெட்டி. தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிமுகம் மூக்கிலிருந்து, அதாவது வாசனையிலிருந்து தொடங்க வேண்டும். புதிய பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றவை சாப்பிடும் இடத்துக்கு அருகே வையுங்கள், மற்றவற்றின் துணியை இதனிடம். பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு, கதவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. நிம்மதியாகச் சாப்பிட்டால் தினம் கொஞ்சம் நெருக்குங்கள். சாப்பிடாமல் கதவையே வெறித்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பின்னுக்கு நகர்த்துங்கள். அடுத்து வலைத்தடுப்பு வழியாக ஐந்து நிமிடம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள்.

சீறல் இயல்பு, அதட்டாதீர்கள். கண் இமைக்காத முறைப்பு, படுத்த காது, பதுங்கி நெருங்குவது தெரிந்தால் இடையில் அட்டையை நுழைத்துப் பிரித்துவிடுங்கள். கையை மட்டும் இடையில் நுழைக்கவே கூடாது.

மலப்பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில்.