ஆப்பரேஷனுக்கு அப்புறம் ரத்தக்கட்டு கரைய பூண்டு கேப்சூலா? வேணாம்ங்க

மூக்கு, கண்ணிமைல காஸ்மெட்டிக் சர்ஜரி பண்ணவங்க பச்சைப் பூண்டு, பூண்டு கேப்சூல், ஜின்கோ (ஒரு மரத்தோட இலைச்சாறுல செய்ற மாத்திரை) எடுத்தா ரெண்டே நாள்ல ரத்தக்கட்டு கரைஞ்சிடும்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க, தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க. ரத்தக்கட்டுன்னா தோலுக்கு அடியில கசிஞ்ச ரத்தம், கசிவை அடைக்கிறது ரத்தத்துல இருக்குற பிளேட்லெட்ங்கிற தட்டணுக்கள், பூண்டும் ஜின்கோவும் அந்த பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதையே குறைக்கக்கூடியது, அப்போ கட்டு கரையறதுக்கு பதிலா இன்னும் கசியத்தான் வாய்ப்பு. சர்ஜரிக்கு 2 வாரம் முன்னாடியே இதையெல்லாம் நிறுத்தச் சொல்றது இதுக்குத்தான். குழம்புல போடுற நாலு பல்லு பூண்டுக்கு பயப்பட வேணாம், பிரச்சனை கேப்சூல் டோஸ்ல.

ரத்தக்கட்டுக்கு ஆர்னிகாங்கிற மூலிகைச் செடி மருந்தையும் சொல்றாங்க. ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, செடியோட சாறை அப்படியே குடிச்சா விஷம், தையல் மேல பூசவே கூடாது.

ஊதா நிறம் பச்சை, மஞ்சள்னு மாறி பெரும்பாலும் 2 வாரத்துல தானா போயிடும். முதல் 2 நாள் தலையை உயர்த்தி வச்சு படுங்க, டாக்டர் சொன்னா துணி சுத்தின ஐஸ் லேசா வைங்க. ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி இறுகுனாலோ, பார்வை மங்குனாலோ விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க.