காலி இடம் இருந்தால் மட்டும் சரக்கு ஏறாது

'போயிங் 777-300இஆர் பயணிகள் விமானத்தின் வயிற்றில், அதாவது இருக்கைத் தளத்துக்குக் கீழே உள்ள சரக்கு அறையில், 44 எல்டி3 கன்டெய்னர் (விமானச் சரக்குப் பெட்டகம்) பிடிக்கும், 15 மணி நேரத் தடத்திலும் அதை நிரப்பிவிட்டால் புது விமான நிறுவனத்துக்குச் சரக்குப் பணம் முழுக்க லாபம்' என்று சொல்வது தவறு.

44 சரிதான். ஆனால் பயணிகளின் பெட்டிகளும் அங்கேதான் போக வேண்டும். ஒரு எல்டி3-இல் ஏறக்குறைய 40 பெட்டி அடங்கும். 350 பேர், ஆளுக்கு இரண்டு என்றால் 17, 18 கன்டெய்னர் அதற்கே சரி.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை எடை. புறப்படும்போது உச்ச எடை சுமார் 351 டன். வெறும் விமானமே 170 டன்னை ஒட்டி வரும். பெட்டியோடு ஆளுக்கு 100 கிலோ வைத்தால் 35 டன். மிச்சம் 146. அதில் 15 மணி நேர எரிபொருளும், அவசரத்துக்கான ரிசர்வ் எரிபொருளும் 120 டன்னைத் தாண்டும். கன்டெய்னர் எத்தனை காலியாகக் கிடந்தாலும் சரக்குக்குக் கிடைப்பது இருபது டன்னைச் சுற்றித்தான். கொளுத்தும் வெயில், குட்டை ஓடுபாதை, பலத்த எதிர்க்காற்று, எது வந்தாலும் சரக்குக்குக் கிடைக்கும் எடை இன்னும் குறையும்; முதலில் இறக்கப்படுவது சரக்கு.

முழுக்க லாபமும் இல்லை. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னையும் 15 மணி நேரம் சுமக்கவே 300 முதல் 400 கிலோ எரிபொருள் தனியாக எரியும்.

தடம் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுச் சராசரியை நம்பாதீர்கள். கோடை மதிய வெப்பநிலையில் எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் ஏற்றுமதியாளருக்கு வாக்குக் கொடுங்கள்.