மலைப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கிப் போகாதீர்கள்

நேபாளத்துக்கு நடைப்பயணம் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் என்னென்ன எடுத்துப் போகலாம் என்று கேட்பார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் தவறாமல் இது வரும்: "வழியில பிள்ளைங்க நிறைய வருவாங்களாமே, ரெண்டு பாக்கெட் சாக்லேட் வாங்கிக்கவா?" வேண்டாம் என்றதும் முகம் சுருங்கிவிடும். சரி, விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை நானும் வாங்கிப் போனேன். அன்னபூர்ணா மலைப் பக்கம் நயாபூலில் தொடங்கும் பாதையில், உல்லேரி என்ற கிராமத்துக்கு ஏற 3000-க்கும் மேல் கல்படிகள். மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்துக்கு மூன்று சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். கொடுத்தேன். அடுத்த திருப்பத்தில் இன்னும் ஐந்து பேர். அதில் ஒருவன் பள்ளிச் சீருடையில், புத்தகப் பையோடு நின்றான். மணி பன்னிரண்டு இருக்கும். கையை நீட்டியவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பையின் ஜிப்பையே பார்த்தான். "பென்? சாக்லேட்? ருப்பீ?" என்று ஒப்பிப்பது போலக் கேட்டான். இந்தப் பாடத்தை அவனுக்கு எந்த வாத்தியார் நடத்தியிருப்பார்? எனக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறிப் போனவர்கள் நடத்தியது. அன்றைக்கு நானும் நடத்தினேன்.

அவன் வீட்டுப் பெரியவர்கள் யாரிடமும் கை நீட்டிப் பழகியவர்கள் இல்லை. டோக்கோ கூடையை முதுகில் ஏற்றி, நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டி, அதே படிகளில் அரிசியும் கேஸ் சிலிண்டரும் சுமக்கிறவர்கள். அங்கே இருக்கும் குருங் மக்களில் தலைமுறை தலைமுறையாக கூர்க்கா படைக்குப் போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குக் கையேந்தக் கற்றுக்கொடுக்க நாம் யார்? பல்லைக் கெடுக்கும் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு நாம் இறங்கி வந்துவிடுவோம். பல் வலி வந்தால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியது அம்மாதான்.

இதே இரக்கம் பெரிதாகும்போது இன்னும் கொடுமை. ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கூட்டி வந்து, அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே அநாதைகள் என்று காட்டிக் காசு வசூலித்தார்கள் தரகர்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோர் துணையில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோக அரசே தடை போட வேண்டி வந்தது. கண்ணீரோடு காசு கொடுக்கிற பயணிகள் இருந்ததால்தானே அந்த வியாபாரம் நடந்தது?

அப்போ எதுவுமே கொடுக்கக் கூடாதா? கொடுங்கள், பெரியவர்களிடம் கேட்டுக் கொடுங்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, அந்தப் பக்கத்து ஷெர்பா மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார், பள்ளிக்கூடம் கேட்டார்கள், 1961-ல் அவர்கள் ஊரான கும்ஜுங்கில் பள்ளி வந்தது. அவ்வளவு நம்மால் முடியாது. பள்ளி இருக்கும் ஊரில் தலைமையாசிரியரைப் பார்த்து, நோட்டு வேண்டுமா பெஞ்சு வேண்டுமா என்று கேட்க முடியும். வழியில் ஒரு வீட்டில் தால் பாத், அதாவது பருப்பும் சோறும், சாப்பிட்டால் அந்தக் காசு அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் போகிறது. திஹார் என்கிற அவர்கள் ஊர்த் தீபாவளி சமயம் போனால் பிள்ளைகள் தேவுசி பைலோ என்ற பண்டிகைப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அப்போது தாராளமாகக் கொடுங்கள், அது அவர்கள் ஊர் வழக்கம்.

இரண்டாம் தடவை சாக்லேட் இல்லாமல் போனேன். காந்த்ருக் என்ற மலைக் கிராமத்தில் ஒரு கல்வீட்டு முற்றத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாகக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். அங்கே அதற்கு கட்டா என்று பேர். சின்ன வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் நான் ஆடிய அதே அஞ்சாங்கல். எதிரே உட்கார்ந்தேன். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டு, மற்ற நான்கையும் ஒரே வாரில் அள்ளி, விழுகிறதையும் பிடித்தாள். நான் அள்ளும்போது பக்கத்துக் கல் ஆடிவிட்டது. "தீதி, ஹல்லியோ!" என்று கையைத் தட்டிவிட்டாள். அக்கா, அசைஞ்சிடுச்சு. அங்கேயும் அது அவுட்தான். பின்னால் மச்சாபுச்சரே சிகரம் மேகத்திலிருந்து வெளியே வந்தது, நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆடியிருப்போம். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேலேயிருந்து அம்மா கூப்பிட்டதும் ஐந்து கற்களையும் எண்ணிப் பாவாடையில் முடிந்துகொண்டு, எருமைக்குப் புல் போட ஓடிவிட்டாள்.